வேற மருந்து ஏதும் குடிக்கிறீங்களா?

சுற்றுலா வேன் ஓட்டுகிறவனுக்கு வயிறு என்று ஒன்று இருக்கக் கூடாது. எந்தக் கம்பனியும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் கண்டிப் பக்கம் எந்த டிரைவரைக் கேட்டாலும் தெரியும். வெள்ளைக்காரருக்கு வயிறு கெட்டால் மேனேஜர் ஓடி வருவார், டொக்டர் வருவார், இளநீர் வரும். டிரைவருக்கு வயிறு கெட்டால் வருவது இன்னொரு டிரைவர். அடுத்த பயணமும் அவனுக்கே போய்விடும்.

பளீல் இதை இருபது வருஷமாகப் படித்தவர். ஐம்பதைத் தாண்டிய உடம்பு. இந்த சீசனில் அவர் சொந்தக் கட்டிலில் படுத்ததே அபூர்வம். வேனைவிடத் தான்தான் அதிகம் தேய்ந்துவிட்டோம் என்று அவருக்கே தெரியும். வேனையாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கராஜுக்குக் கொண்டு போகிறார்கள்.

சீகிரியாவில் ஹோட்டலுக்குப் பின்னால், துணி வெளுக்கிற இடத்துக்குப் பக்கத்தில், டிரைவர்மாருக்கு ஓர் அறை. அதே கம்பனியில் ஓட்டும் அகீலும் அன்றைக்கு அங்கே தங்கினான். பளீலைவிடப் பத்து வயது இளையவன்; அவரை அண்ணன் முறையில் 'நானா' என்பான். ஹோட்டல் குசினியில் பகல் வைத்த மீன் ஆணத்தைச் சூடாக்கிச் சோற்றில் ஊற்றிக் கொடுத்தார்கள். இருவரும் ஒரே சஹன் தட்டில் கை வைத்துச் சாப்பிட்டார்கள். வாடை கொஞ்சம் ஒரு மாதிரிதான் இருந்தது; ஆனால் பசிக்கிறவனுக்கு மூக்கு எதற்கு? படுக்குமுன் ஆளுக்கொரு பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கொரு குளிசையை விழுங்கினார்கள். ஒருவர் குளிசையை இன்னொருவர் விசாரிப்பதில்லை. அது டிரைவர்மார் ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதை. பளீலுடையது வீஸிங்குக்கு, மூச்சு இழுப்புக்கு. காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ஏழெட்டு வருஷமாக. கம்பனிக்கு இது தெரியாது. தெரிந்தால் மலைப்பாதையில் அவரை நம்பி ஆளை ஏற்றுவார்களா?

மறுநாள் கண்டிக்கு வரும் வழியில் தம்புள்ளை தாண்டவில்லை, வயிற்றால் போகத் தொடங்கியது. பெற்றோல் ஷெட் கண்ட இடமெல்லாம் வேனை நிறுத்தி, "டயர் பார்க்கணும் மேடம்" என்று இறங்கி ஓடினார். வேனில் இருந்தவர்கள் டென்மார்க் நாட்டு இங்கிரிட்டும் அவள் தங்கையும். இங்கிரிட் ஓய்வுபெற்ற டீச்சர். இப்படிக் கழிவறைக்கு ஓடும் பிள்ளைகள் எத்தனையைப் பார்த்திருப்பாள்!

"பளீல், டயருக்கு ஒன்றுமில்லை. உன் வயிற்றுக்குத்தான்" என்றாள் மாத்தளையில். பையைத் திறந்து ஒரு அட்டைக் குளிசையை எடுத்தாள். பயணத்தில் கடுமையாக வயிறு கெட்டால் போடச் சொல்லி அவளுடைய டொக்டர் எழுதிக் கொடுத்த அன்டிபயோட்டிக். கொடுக்குமுன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உள்ளே மடித்திருந்த தாளைப் பார்த்துக் கேட்டாள்: "நீ வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா?"

பளீல் சிரித்தார். விருந்தாளிகளுக்கென்றே அவரிடம் ஒரு சிரிப்பு உண்டு.

"நோ மேடம். ஐ ஆம் ஸ்ட்ரோங்."

தனக்கு எழுதியதை அடுத்தவருக்குக் கொடுத்தது அவள் பிழைதான். அதற்காக அவளை மட்டும் திட்டிப் பயனில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாள். சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை.

அன்றிரவு வீட்டில் மனைவி ரபீகா கஞ்சி வைத்துக் கொடுத்தாள். "வயித்தால போனா ஜீவனி உப்புத்தூளத் தண்ணில கரைச்சிக் குடிங்க. கண்ட குளிசையையும் போட்டுக்கொள்ள வாணாம்" என்றாள். "ஓ, ஓ" என்று தலையாட்டிவிட்டுக் குசினிக்குள் போய் இரண்டு குளிசையையும் சேர்த்தே விழுங்கினார். வயிறு மறுநாளே நின்றுவிட்டது. வெள்ளைக்காரர் மருந்து என்றால் சும்மாவா என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார். அட்டை முடியட்டும் என்று அதையும் விடவில்லை, வீஸிங் குளிசையையும் விடவில்லை.

மூன்றாம் நாள் கலஹாப் பக்கம் தேயிலைத் தோட்டம் பார்க்கப் போனார்கள். விருந்தாளிகள் கொழுந்து எடுப்பதைப் படம் பிடித்துக்கொண்டிருக்க, பளீல் தூக்கத்தைக் கலைக்கப் பால் விடாத கடுஞ்சாயத்துக்கு மேல் கடுஞ்சாயமாகக் குடித்தார். முதல் நாளிலிருந்தே தூக்கம் இல்லை, நெஞ்சு படபடப்பு. களைப்பு என்றுதான் நினைத்தார். எதைத்தான் அவர் களைப்பு என்று நினைக்கவில்லை?

பேராதனைக்கு இறங்கும் வளைவுகளில்தான் கை நடுங்கத் தொடங்கியது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார். பிடித்த கையே ஆடியது. நெஞ்சு அடித்த அடியில் காது இரைந்தது. எதிரே வளைவில் கலஹா பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், பின்னால் இரண்டு கிழவிகள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பளீலுக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு பயம் வந்ததில்லை. வேனை மலைப்பக்கம் ஒதுக்கி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கதவைத் திறந்து சத்தி எடுத்தார்.

"டயரா?" என்று கேட்டாள் இங்கிரிட். கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினாள்.

பின்னால் வந்த த்ரீவீலர்க்காரன் கணேஸ், தோட்டத்துப் பையன்தான், இறங்கி ஓடி வந்தான். "என்னங்க நானா, இப்படி வேர்த்துக் கொட்டுது? வேன் கெடக்கட்டும், வாங்க, நான் கொண்டுபோய் விடுறேன்" என்று மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் நாடி பார்த்தாள், ஈசீஜீ எடுத்தாள். இங்கிரிட் கொடுத்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிங்களத்தில் கேட்டாள்: "வேறு மருந்து ஏதாவது குடிக்கிறீர்களா?"

அந்தச் சிரிப்பு தானாகவே உதட்டுக்கு வந்தது. பக்கத்தில் இங்கிரிட் நின்றாள். அவளுக்குத் தெரிந்தால் கம்பனிக்கும் தெரியும். "இல்லை" என்று சொல்ல வாயைத் திறந்தார். வளைவில் ஏறி வந்த பஸ் நினைவுக்கு வந்தது. சட்டைப் பையிலிருந்து வீஸிங் குளிசையை எடுத்து மேசையில் வைத்தார்.

டொக்டர் பெருமூச்சு விட்டாள். "இது இரண்டும் ஒன்றாகப் போகாது. அந்த மருந்து இதை உடம்பிலிருந்து வெளியேற விடாது. சேர்ந்து சேர்ந்து நஞ்சு மாதிரி ஆகும். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் ஸ்டியரிங்கில் இருக்கும்போதே வலிப்பு வந்திருக்கும். காய்ச்சல் இருந்ததா? ரத்தம் போனதா?"

"இல்லை டொக்டர்."

"அப்போ ஜீவனியே போதுமாக இருந்திருக்கும். அன்டிபயோட்டிக் வேணுமா, எது வேணும் என்றெல்லாம் ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. இரண்டையும் நிப்பாட்டுங்கள். இன்றைக்கு வார்டில் இருக்க வேண்டும்."

இங்கிரிட்டுக்குப் பளீலே இங்கிலிஷில் விளங்கப்படுத்தினார். அவள் கோபிக்கவில்லை. "நான் கேட்டேனே, பளீல்" என்று மட்டும் சொன்னாள். அதைவிட அவள் கத்தியிருக்கலாம். பளீலுக்கு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

கம்பனிக்குப் போன் போனது. பின்னேரம் வேறு டிரைவரை அனுப்பினார்கள். வந்தது அகீல். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, வார்டில் இடத்துக்காகப் பளீல் காத்திருந்த மர வாங்கில் தொப்பென்று உட்கார்ந்தான். கணேஸ் திரும்பிப் போய் வேனை ஆஸ்பத்திரி முற்றத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். சாவியைப் பளீலிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

"சாவியத் தாங்க நானா. வேன்கிட்ட மேடம்மார் காத்துக்கொண்டிருக்கிறாங்க." பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அந்த மீன் ஆணம் என்னயும் விடல்ல நானா. மூணு நாளா வயித்தால போகுது, இன்டக்கி ரத்தமும் போச்சி. மேடம் தந்த குளிசையில மிச்சம் இருந்தா ரெண்டு தாங்களேன்."

பளீல் அவனைப் பார்த்தார்.

"நீ வேற மருந்து ஏதும் குடிக்கிறியா?"

அகீல் சிரித்தான். அதே சிரிப்பு.

"இல்ல நானா. எனக்கென்ன, நான் நல்லா இரிக்கேன்."

"அப்ப சீகிரியாவுல அங்கிட்டுத் திரும்பி முழுங்கினியே, அது என்ன?"

சிரிப்பு அவன் முகத்திலிருந்து இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பளீல் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார். கதவுப் பக்கம் திரும்பி, இருந்த கொஞ்சநஞ்சக் குரலில் கூப்பிட்டார்.

"டொக்டர், இன்னொரு டிரைவரும் இருக்கிறார்."