நாலுக்கு மேல் நம்பர் இல்லை

பக்கத்துக் கட்டிலுக்கு மூன்றாவது தடவையாக ஊசி வந்தது. செக்கரம்மா கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவள் மாதிரி கிடந்தாள். காது இரண்டும் மட்டும் எழுந்துபோய் அந்தக் கட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தன.

"எத்தனைம்மா இப்போ?" என்றாள் சிஸ்டர்.

"பத்து! நேத்துலேர்ந்து பத்துதான். இறங்கவே மாட்டேங்குது தாயே!"

"சரி சரி, கத்தாதீங்க. கையைக் காட்டுங்க."

"கத்தலைடி கண்ணு, என் சத்தமே அப்படித்தான். பாய்லர் இரைச்சலுக்கு மேல நின்னு 'ரெண்டு டீ'ன்னு கூவிக் கூவி வந்த தொண்டை இது."

சிஸ்டர் சிரித்துவிட்டாள். காலை ஆறு மணியிலிருந்து நாற்பது கட்டிலுக்கு ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருப்பவள். யாரிடமும் பல்லைக் காட்டாதவள். டீக்கடைக்காரியிடம் மட்டும் சிரித்தாள். தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிற பொம்பளைக்கு வாய் மட்டும் முறியவில்லையே என்று செக்கரம்மாவுக்கு எரிந்தது.

சிஸ்டர் இந்தப் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு?"

"நாலு."

"நாலுதானே? சரி." காகிதத்தில் நாலைப் போட்டுவிட்டு, ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போயேவிட்டாள்.

மாத்திரையைப் பார்த்தாள் செக்கரம்மா. வெள்ளையாக, சட்டைப் பொத்தான் மாதிரி இருந்தது. நாலு சொன்னவளுக்குப் பொத்தான்; வாய்க்கு வந்ததைச் சொன்னவளுக்கு ஊசி.

செக்கரம்மா இருபத்தாறு வருஷமாக மில்லில் துணி பார்க்கிறவள். விளக்குப் போட்ட மேஜைமேல் துணி ஓடும். பிசகு கண்ணில் பட்டால் நிறுத்தி நம்பர் போடுவாள். சின்ன இழை அறுந்திருந்தால் ஒன்று. கொஞ்சம் நீளமென்றால் இரண்டு, மூன்று. உள்ளே தலையே போகிற ஓட்டையென்றால் நாலு. நாலுக்கு மேல் நம்பர் இல்லை. பீஸ் முழுக்கக் கிழிந்து தொங்கினாலும் நாலுதான். நாலு போட்டால் மேனேஜரே மாடியிலிருந்து இறங்கி வருவார். அந்த நாலைத்தான் அவள் இங்கேயும் சொன்னாள்.

நேற்று சாயங்காலம், மில் பஸ் படியிலிருந்து விழுந்ததில் முறிந்த காலை இழுத்து மாவுக்கட்டுப் போட்டுக் கொண்டுவந்து கிடத்தியபோது, வேறொரு சிஸ்டர் குனிந்து ஏதோ விளக்கினாள். மயக்கம் தெளியாத தலைக்குள் "வலிக்கு ஒரு நம்பர் சொல்லணும்" என்பது மட்டும் இறங்கியது. எதிலிருந்து எதுவரைக்கும் என்பது இறங்கவில்லை. நம்பர்தானே, நமக்குத் தெரியாத நம்பரா என்று அவள் திருப்பிக் கேட்கவும் இல்லை.

ஆகவே, பக்கத்துக் கட்டில் பத்து என்றபோதெல்லாம் அவள் பல்லைக் கடித்தாள். பத்தாம்! எந்தக் கணக்கில் வருகிறது பத்து? துளி வெட்கம் இல்லாமல் இல்லாத நம்பரைச் சொல்கிறாள், இவர்களும் தலையாட்டிக்கொண்டு ஊசி போடுகிறார்கள். கூச்சல் போடுகிறவளுக்குத்தான் காலம்.

மத்தியானம் தங்கை வந்தாள், கையில் ஃபிளாஸ்கும் நாலைந்து ஆரஞ்சுப் பழமுமாக. செக்கரம்மாவுக்கு உலகத்தில் மிச்சமிருக்கிற ஒரே உறவு அவள்தான்.

"என்னக்கா, எப்படி இருக்கு?"

"இருக்கு."

"வலிக்குதா?"

"வலிக்காம என்ன செய்யும்? எலும்பு ரெண்டா போயிருக்கு."

அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. கெண்டைக்காலை யாரோ ஈரத்துணி பிழிகிற மாதிரி பிழிகிறார்கள்; ராத்திரியைவிட இப்போது அதிகம்; மாத்திரை போன இடம் தெரியவில்லை. இதையெல்லாம் எந்த வாயால் சொல்வது? பக்கத்துக் கட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறதே!

"தங்கச்சியா?" என்று குறுக்கே வந்தது பாய்லர் குரல். "முகத்தைப் பார்த்தாலே தெரியுது. ஆனா சிரிப்பெல்லாம் உன்கிட்டயே தங்கிடுச்சு போலிருக்கு. அக்காவுக்குக் கொஞ்சம் விட்டு வெச்சிருக்கலாம்."

தங்கை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஸ்டூலை இழுத்து இரண்டு கட்டிலுக்கும் நடுவில் போட்டாள். முதுகு அக்கா பக்கம், முகம் அந்தப் பக்கம். டீக்கடையில் ஈரத்தரையில் வழுக்கின கதை, விழும்போதும் கையிலிருந்த தட்டை விடாத கதை, "டீ சிந்தலையே"ன்னு கேட்டுவிட்டு மயக்கம் போட்ட கதை எல்லாம் ஓடின. ஆரஞ்சை உரித்தாள் தங்கை. முதல் சுளை அந்தக் கட்டிலுக்குப் போனது.

செக்கரம்மா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஃபேன் அவளுக்கு, ஜன்னல் அவளுக்கு, ஊசி அவளுக்கு, சிஸ்டரின் சிரிப்பு அவளுக்கு. இப்போது கூடப்பிறந்தவளும் அவளுக்கா? அந்த எரிச்சலில், பெருவிரல் மரத்துப்போனதைக்கூட அவள் கொஞ்ச நேரம் கவனிக்கவில்லை.

கவனித்தது டீக்கடைக்காரிதான்.

"ஏக்கா, உங்க விரல் எல்லாம் வீங்கி மினுமினுன்னு இருக்கே? காலையில இப்படி இல்லையே."

"உங்க காலை நீங்க பாருங்க."

"என் கால் அந்தரத்துல தொங்குது, அதை என்னத்தப் பார்க்கறது?" என்றவள், ஜுரம் பார்க்க வந்த சிஸ்டரைப் பிடித்துக்கொண்டாள். "தாயே, அந்தக்கா காலை ஒரு பார்வை பாரேன். எனக்கென்னவோ சரியாப் படலை."

சிஸ்டர் நின்ற இடத்திலிருந்தே காகிதத்தைப் பார்த்தாள். "அவங்க ராத்திரியிலேர்ந்து நாலுதான் சொல்றாங்க. நீங்க உங்களைப் பாருங்க. ஊரு வலியெல்லாம் நீங்களே சுமக்க வேணாம்." அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டாள்.

செக்கரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ரொம்ப உபகாரம்! எனக்காக நீங்க ஒண்ணும் பரிஞ்சு பேச வேணாம். நியாயமா நாலு சொன்னவளுக்கு மாத்திரை. பத்து, இருவதுன்னு அளந்து விடறவங்களுக்கு ஊசி. நடக்கட்டும்!"

டீக்கடைக்காரி முழித்தாள். "நாலுன்னா சொல்லிட்டிருக்கீங்க? நிசமாவே நாலா?"

"பின்னே? நாலுக்கு மேல ஏது?"

"அய்யோ அக்கா! பத்துலதான் கேக்கறாங்க. ஒண்ணுன்னா எறும்புக்கடி, பத்துன்னா உசிரு போகுதுன்னு அர்த்தம். நாலுன்னா, ஏதோ தலைவலி மாதிரி, பொறுத்துக்கலாம்னு எழுதிக்குவாங்க!"

தங்கை வாயில் போட்ட சுளையோடு திரும்பினாள். "அக்கா, நீ மில்லு நம்பரையா சொல்லிட்டிருந்தே?"

செக்கரம்மாவுக்குக் காது சுட்டது. ஒரு ராத்திரி, ஒரு பகல். நாலு நாலு என்று சொல்லிச் சொல்லி, தன் வலியைத் தானே தலைவலி ஆக்கியிருக்கிறாள். மேனேஜர் இறங்கி வருவார் என்று காத்திருந்திருக்கிறாள்! அதைவிடச் சுட்டது வேறொன்று. இப்போது பத்து என்று சொன்னால், இந்த டீக்கடைக்காரியைப் பார்த்து அவள் சொன்னதையே சொல்கிற மாதிரி ஆகாதா?

"நான் பார்த்துக்கறேன்," என்றாள்.

"என்னத்தப் பார்த்துப்பீங்க? கால், அக்கா. கால்!"

செக்கரம்மா போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்தாள். அசைக்கப் பார்த்தாள். பெருவிரல் சொல் பேச்சுக் கேட்கவில்லை. அப்போதுதான் பயம் வந்தது. நின்றபடியே இருபத்தாறு வருஷம் சோறு போட்ட கால் அது. மில்லில் உட்கார்ந்து துணி பார்க்க ஸ்டூல் கிடையாது.

"போய்க் கூப்பிடுடி," என்றாள் தங்கையிடம்.

தங்கை ஓடினாள். "வர்றேன்னு சொன்னாங்க," என்று திரும்பி வந்தாள். பத்து நிமிஷம் கழித்து இன்னொரு தடவை போனாள். "இதோ வர்றேன்னாங்க." டீக்கடைக்காரி இருக்கிற தொண்டை முழுவதையும் திறந்து, "சிஸ்டர்ர்ர்! இங்க ஓடி வா!" என்று கூவினாள். கோடிக் கட்டிலில் யாரோ, "டீக்கடை தொறந்தாச்சு," என்றார்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் எப்போதும் கூவுகிறவள்தானே, யாரும் வரவில்லை.

மூன்று மணிக்கு, டீக்கடைக்காரியின் ஊசி நேரத்துக்குத்தான் சிஸ்டர் தட்டோடு வந்தாள்.

"சிஸ்டர்," என்றாள் செக்கரம்மா. "பத்து."

சிஸ்டர் இவளைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். "காலையில நாலு, இப்போ பத்தா? ஒரே நாள்ல நல்லாப் பாடம் எடுத்திருக்காங்க உங்களுக்கு. நீங்களாவது அமைதியா இருக்கீங்கன்னு நினைச்சேன்மா."

செக்கரம்மா அந்த வார்த்தையை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். ஆனாலும் அடிபட்ட மாதிரி இருந்தது. நம்பரை இனி யாரும் நம்பப்போவதில்லை. அவள் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். மில்லில் ஒரு துணியை ஏன் தள்ளினாய் என்று கேட்டால் நின்று பதில் சொல்வாளே, அந்தக் குரல் வந்தது.

"நம்பரை விடுங்க. நான் சொல்றதை எழுதிக்குங்க. காலையில ஒம்பது மணிக்கு விரல் அஞ்சும் அசைஞ்சுது. பன்னெண்டுக்குப் பெருவிரல் மரத்துச்சு. இப்போ பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல தொட்டா எனக்குத் தெரியலை. பெருவிரலை நானா தூக்க முடியலை. யாராவது பிடிச்சு மடக்கினா கெண்டைக்கால் உள்ளேயிருந்து கிழியுது. கட்டுக்குள்ள ஒரு விரல் நுழையற இடம் ராத்திரி இருந்துச்சு, இப்போ நகம் நுழையாது. மாத்திரை போட்டப்புறம் வலி கூடியிருக்கு, குறையலை. எங்கே வேணும்னாலும் தொட்டுப் பார்த்துக்குங்க. ஒண்ணு தப்பா இருந்தாலும் அப்புறம் நான் வாயைத் திறக்க மாட்டேன்."

சிஸ்டரின் முகத்திலிருந்து சலிப்பு வழிந்து போய்விட்டது. தட்டைப் பக்கத்து மேஜையில் வைத்தாள். இரண்டு விரலுக்கும் நடுவில் தொட்டாள். "இப்போ?" "இல்லை." "இங்க?" "இல்லை." பெருவிரலை மெல்லக் கீழே மடக்கினாள். செக்கரம்மா போட்ட சத்தத்தில் கோடிக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

அதற்கப்புறம் எல்லாம் ஓட்டம். சிஸ்டர் ஓடினாள், டாக்டரோடு ஓடி வந்தாள். டாக்டர் விரலைத் தொட்டார், காகிதத்தைப் புரட்டினார். "நாலு, நாலு, நாலு… ராத்திரியிலேர்ந்து யாராவது இந்தக் காலைத் தொட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். மாவுக்கட்டை அங்கேயே நீளவாக்கில் பிளந்தார்கள். உள்ளே கால் புடைத்து, பலகை மாதிரி இறுகிக் கிடந்தது.

"உள்ளே வீங்கி ரத்த ஓட்டத்தை நெருக்குதும்மா. இப்பவே ஆபரேஷன் பண்ணிக் காலைக் கீறித் திறந்து விடணும். சாயங்காலம்வரைக்கும் விட்டிருந்தா கால் போயிருக்கும்."

"இப்போ?"

"இப்போ காப்பாத்திடலாம். நடக்கறதுக்கு நாளாகும்."

தங்கை அழுதாள். செக்கரம்மா அழவில்லை. அவளைத் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டார்கள். வண்டி திரும்பும்போதுதான் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள்.

டீக்கடைக்காரி துண்டின் முனையை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. மூன்று மணி ஊசி தட்டிலேயே கிடந்தது. இந்தக் களேபரத்தில் யாருக்கும் நினைவில்லை. அவளும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் யாராவது இந்தக் காலை விட்டுவிட்டு அங்கே திரும்பிவிடுவார்களோ என்று சத்தத்தை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

தங்கையும் அதைப் பார்த்துவிட்டாள். "அய்யோ பாவம், எப்படிப் பொறுத்துக்கறாங்க பாரேன்க்கா!" என்று, வண்டியை விட்டுவிட்டுப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

செக்கரம்மாவுக்குச் சுருக்கென்றது. ஒரு ராத்திரியும் ஒரு பகலும் வாயைத் திறக்காமல் கிடந்தவள் அவள். அப்போது ஒருத்தரும் ஐயோ என்று சொல்லவில்லை. இந்த டீக்கடைக்காரி அரைமணி நேரம் பொறுத்தாள், அதற்குள் பெயரை வாங்கிக்கொண்டாள். பொறுமையாவது நமக்கென்று மிச்சம் இருந்தது; அதிலும் பங்குக்கு வந்துவிட்டாளே!

"நிறுத்துங்க," என்றாள் வண்டி தள்ளுகிறவரிடம்.

"நேரமில்லைம்மா."

"நிறுத்துங்கன்னா! சிஸ்டர், அந்தத் தட்டுல ஊசி கிடக்கு. மணி மூணரை ஆச்சு."

டீக்கடைக்காரி துண்டை எடுத்தாள். "எனக்கென்ன அவசரம்? நீங்க போங்கக்கா. நான் தாங்கிக்குவேன்."

"நீ ஒண்ணும் தாங்க வேணாம்!" என்றாள் செக்கரம்மா. முதல் தடவையாக 'நீ' வந்துவிட்டது. "தாங்கித்தான் நான் இந்த கதியில கிடக்கேன். சிஸ்டர், அவளுக்குப் போட்டுட்டு வாங்க. அப்புறம்தான் வண்டி நகரும்."

சிஸ்டர் ஊசியைக் கையில் எடுத்தாள். டீக்கடைக்காரி கையை நீட்டினாள்; ஊசி இறங்கியது.

"ஏய், தங்கச்சி," என்றாள் செக்கரம்மா, "ஊசி போட்டாச்சுல்ல? அவ கையை விட்டுட்டு இங்க வா. எனக்குப் பயமா இருக்கு."