கூனிமலையின் இரண்டு பக்கமும்

உயர்தரப் பரீட்சைக்குப் பதினொரு நாள் இருந்தபோது சுலக்ஷனாவின் கண்வெள்ளை மஞ்சளானது. தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவான மேக்கணக்கில், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில், அந்த மாதம் காமாலை கண்ட பதினேழாவது ஆள் அவள். அவளுக்கு முன்னால் படுத்தவர்களில் ஒருத்தி ஆறு மாதக் கர்ப்பிணி. அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை.

பதினேழு பேரும் குடித்தது ஒரே பீலித் தண்ணீர். கூனிமலையின் உச்சிக்குச் சற்றுக் கீழே ஊறி, தேயிலைக்குள் ஓடையாக இறங்கி, லயத்துக்கு மேலே ஒரு தொட்டியில் விழுந்து, குழாய் வழியாக லயத்தாருக்கெல்லாம் பொதுவான பீலிக்கு வரும் தண்ணீர். நான்கு தலைமுறையாகக் குடித்து வந்த தண்ணீர். உச்சியில் இருந்த வெள்ளைக்காரன் காலத்துப் பங்களாவைத் தோட்டக் கம்பனி ஹோட்டல்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டது. இரண்டு மாதத்துக்கு முன் பங்களா இருபத்துநான்கு அறை ஹோட்டலாகத் திறக்கப்பட்ட பிறகு, பீலியில் சில நாட்கள் ஒரு வாடை வந்தது. சனி, ஞாயிறுகளில் அதிகமாக வந்தது. சனி, ஞாயிறுகளில்தான் ஹோட்டல் நிறையும்.

இதைச் சுகாதாரப் பரிசோதகரிடம் சுலக்ஷனாவின் அம்மா மீனம்மாதான் முதலில் சொன்னாள். அவர் சிங்களவர்; லயத்து ஆட்கள் அவரை பீ.எச்.ஐ. மாத்தயா, அதாவது பீ.எச்.ஐ. ஐயா, என்பார்கள். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புவார். வாசலில் நின்றபடியே கோப்பைத் திறந்து ஒரு வரைபடத்தைக் காட்டினார்.

"இது ஹோட்டல் ரிப்போட். பாருங்க, அம்மா. அவங்க தண்ணி எல்லாம் அந்தப் பக்கம் போறது. இந்தப் பக்கம் வர முடியாது. உங்க ஆளுங்க தண்ணிய கொதிக்க வைக்கிறது இல்ல, அதுதான்."

"காலையில அஞ்சரைக்கு எந்திரிச்சு, சமைச்சு வச்சுட்டு, ஏழு மணிக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஓடுறவ நான். நாலு குடத்த எப்பக் கொதிக்க வைக்கிறது, மாத்தயா? இதையும் உங்க ரிப்போட்டுல எழுதுங்க," என்றாள் மீனம்மா.

உள்ளே படுத்திருந்த சுலக்ஷனா எழுந்து வந்து, அந்த வரைபடத்தைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டாள். அவள் உயர்தரத்தில் புவியியல் படிக்கிறவள். சமவுயரக் கோடுகளைப் பார்த்தாலே எங்கே மேடு, எங்கே பள்ளம், மழை எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லிவிடுவாள்.

மாலையில் அப்பா வேலை முடிந்து வந்ததும் அவரைக் கட்டிலோரம் உட்காரச் சொன்னாள்.

"மெப்புல பிழை இல்லப்பா. கூனிமலை முதுகுதான் எல்லை. முதுகுக்கு இந்தப் பக்கம் விழுற மழை நம்ம ஓடையில எறங்கி, மகாவலியில சேந்து, திருகோணமலைக் கடலுக்குப் போகுது. அந்தப் பக்கம் விழுறது கெசல்கமு ஓயாவுக்குப் போய், களனியில சேந்து, கொழும்புக் கடலுக்குப் போகுது. ஹோட்டல் இருக்கிறது உச்சிக்கு அந்தப் பக்கச் சரிவுல. அங்க ஊத்துற தண்ணி முதுகேறி இங்கிட்டு வராது. சோதனையில இந்தக் கேள்வி வந்தா நானும் அப்படித்தான் எழுதுவேன்."

அப்பா கந்தப்பன் போனில் இருந்த கோடுகளை விரலால் தொடர்ந்து பார்த்தார். அவர் இருபத்தேழு வருடமாகத் தோட்டத்தில் கான் வெட்டுகிறவர். மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் தேயிலை நிரைகளுக்கு நடுவே வெட்டிவிடும் வாய்க்கால்தான் கான். அந்த மலையில் எந்தத் துளி எந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு போகும் என்பது அவருடைய மண்வெட்டிக்குத் தெரியும்.

"வரும்," என்றார் கடைசியில்.

"எப்புடிப்பா வரும்?"

"நான் வெட்டுன கான் வழியா வரும்."

மீனம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கந்தப்பன் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"போன வருசம் ஹோட்டலுக்கு ரோடு போட்டாங்கல்ல. கார் நிக்கிற எடத்துல மழைத் தண்ணி தேங்குதுன்னு தோட்டத்துத் தொர என்னைய அங்க அனுப்பி வச்சாரு. முதுகுல ஒரு தாழ்வு இருக்கு. அதுல ஆள் முங்குற ஆழத்துக்கு வெட்டி, இந்தப் பக்கத்துக் கானோட சேத்து விட்டேன். மழைத் தண்ணின்னுதான் சொன்னாங்க. நல்லா வெட்டியிருக்கன்னு ஹோட்டல் மனேஜர் கையக் குடுத்தாரு."

"ஏன்பா இங்கிட்டுத் திருப்பணும்? அவங்க பக்கமே சரிவுதானே?"

"அவங்க பக்கம் சரிவுலதான் நீச்சல் குளமும் பூந்தோட்டமும் இருக்கு."

சுலக்ஷனா போனைக் கவிழ்த்து வைத்தாள். அவளுக்கு வாந்தி வந்தது. மீனம்மா பேசினைக் கொண்டு ஓடி வந்தாள்.

மறுநாள் காலையில் கந்தப்பன் உச்சிக்குப் போனார். அவர் வெட்டிய கானை இப்போது கொங்கிறீட் பலகைகளால் மூடியிருந்தார்கள். ஒரு பலகையின் இடுக்கில் முகத்தை வைத்துப் பார்த்தார். உள்ளே ஆறு அங்குலக் குழாய் ஒன்று ஹோட்டல் பக்கமிருந்து வந்து கானுக்குள் வாய் திறந்திருந்தது. அதற்கு மேல் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மூக்கே சொல்லிவிட்டது.

மனேஜர் விஜிதரன் வெளியே வந்தார். "அது மழைத் தண்ணிக் குழாய், கந்தப்பன். எங்க டொய்லட் எல்லாம் மூணு அறை வச்ச குழிக்குத்தான் போகுது. எல்லாத்துக்கும் பேப்பர் இருக்கு."

"குழி எங்க இருக்கு, ஐயா? காட்டுங்க."

"அதெல்லாம் உங்களுக்குக் காட்ட வேண்டிய அவசியம் இல்ல."

திரும்பி இறங்கும்போது அவருக்கு ஒரே நினைப்புதான்.  இந்தக் கையால்தானே வெட்டினோம்.

அன்று பின்னேரம் அவர் றொசல்ல ரயில் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் இருக்கும் மஃறூப் நானாவின் கடைக்குப் போய்த் துணிச் சாயம் கேட்டார். நானா சிவப்புப் பைக்கற்றை எடுத்து வைத்தார்.

"செவப்பு வேணாம், நானா. மழை பேஞ்சா எங்க பீலித் தண்ணியே செவப்பாத்தான் வரும். மண்ணுன்னு சொல்லிருவாங்க. ஊதா இருந்தாக் குடுங்க. இருக்கிற அம்புட்டும் குடுங்க."

எதற்கு என்று மஃறூப் கேட்டார். கந்தப்பன் மறைக்காமல் சொன்னார். நானா கடையின் உள்ளறைக்குப் போய்ப் பழைய பெட்டி ஒன்றையும் தூக்கி வந்தார். "உங்க ஓடைதான் எங்க வீட்டுக்குப் பின்னாலயும் போகுது. எங்க வீட்டுப் புள்ளைகளும் அதுலதான் குளிக்குது. கொண்டு போங்க, அண்ணே," என்றார்.

சாயத்தை ஹோட்டலுக்குள் கொண்டுபோனவள் லயத்தில் அடுத்த வீடான பக்கத்துக் காம்பிராவில் இருக்கும் சண்முகவடிவு. அவள் அங்கே அறை துப்புரவு செய்கிறவள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் காமாலையில் கிடந்தார்கள்.

"வேலை போயிரும், வடிவு. நல்லா யோசிச்சுக்க," என்றார் கந்தப்பன்.

"அவங்க கக்கூச நான் கழுவுறேன். அதையே எம் புள்ளைங்க குடிக்குதுங்க. இதுல யோசிக்க என்னா இருக்கு, அண்ணே?"

செவ்வாய்க்கிழமை, காமாலைக் கணக்கெடுக்க பீ.எச்.ஐ. மறுபடியும் வந்தார். மீனம்மா அவரைப் பீலிக்கரைக்கு அழைத்துப்போய், "கொஞ்ச நேரம் நில்லுங்க, மாத்தயா," என்றாள். பத்து மணிக்குச் சண்முகவடிவிடமிருந்து போன் வந்தது. ஆறு அறைகளின் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் இழுத்துவிட்டிருந்தாள். செய்தி பரவி, காய்ச்சலோடு கிடந்தவர்கள் கூடப் போர்வையைச் சுற்றிக்கொண்டு பீலிக்கரைக்கு வந்தார்கள். பீ.எச்.ஐ. மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

பதினொன்று ஐந்துக்குப் பீலியின் வாயில் ஊதா நிறம் ஒரு நூல் போல வந்தது. பிறகு கயிறு போல வந்தது. பிறகு தண்ணீர் முழுவதும் ஊதாவானது. கீழே வைத்திருந்த வெள்ளை வாளி நிறைந்து வழிந்தது.

 தெரிந்ததுதான்; ஆனாலும் இப்போதுதான் கண்ணால் பார்த்தார்கள். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

பீ.எச்.ஐ. சிங்களத்தில் தனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார். பிறகு, "குழி இருந்தா ஒரு மணித்தியாலத்துல வராது. குழி இல்ல. நேரா விடறாங்க," என்றார். கூட்டத்தைப் பார்த்து, "யாரும் இத குடிக்க வேண்டாம்," என்றார்.

"ரெண்டு மாசமாக் குடிச்சிட்டோம், மாத்தயா," என்றாள் மீனம்மா. "நாங்க வாயால சொன்னப்ப உங்களுக்குக் கேக்கல. சாயம் சொன்னாத்தான் கேக்குமா?"

அவர் ஊதாத் தண்ணீரைப் போத்தலில் பிடித்து மூடினார்.

பின்னேரம் தோட்ட ஒபிஸில் கூட்டம். தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையும் மனேஜர் விஜிதரனும் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். கந்தப்பனும் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் கணேசமூர்த்தியும் நின்றார்கள். மனேஜர் மன்னிப்புக் கேட்கவில்லை. "ஒரு சின்னத் தவறு நடந்திருக்கு," என்றார். அதற்குத் தீர்வும் வைத்திருந்தார். முதுகில் வெட்டிய கானை மூடிவிட்டு, நீச்சல் குளத்தைச் சுற்றிப் புதுக் கான் வெட்டி, அந்தப் பக்கமே விட்டுவிடலாம்.

"நீங்கதான் நல்லா வெட்டுவீங்க, கந்தப்பன். நாளைக்கே ஆரம்பிங்க," என்றார் தொரை.

"அந்தப் பக்கம் கீழ என்னா இருக்கு, தொர?"

"காடு."

"காட்டுக்குக் கீழ?"

தொரை பேனாவை உருட்டினார்.

"நான் சொல்றேன். ஆத்தோர லயம் இருக்கு. நாப்பத்திரெண்டு வீடு. அவங்க தொட்டியும் அந்த ஓடையிலதான் கட்டியிருக்கு. நான் எங்கையால ரெண்டாந் தடவையும் வெட்டணுமா?"

"அது வேற கம்பனித் தோட்டம்," என்றார் விஜிதரன். "உங்களுக்கு என்ன பிரச்சின? உங்க தண்ணி சுத்தமாயிடும்ல."

"கம்பனி எல்லை முடியுற எடத்துல மனுசன் குடிக்கிற தண்ணி முடியாது, ஐயா," என்று சொல்லிவிட்டுக் கந்தப்பன் வெளியேறினார்.

லயத்தில் எல்லோரும் அவர் பக்கம் இருக்கவில்லை. "மொதல்ல நம்ம புள்ளைங்கள காப்பாத்துவோம், கந்தப்பண்ணே," என்றார் கணேசமூர்த்தி. "அந்தப் பக்கத்து ஆளுங்க அவங்க பாட்டப் பாத்துக்கட்டும். அவங்க நமக்காக வந்தாங்களா?"

"அவங்களுக்கு என்னா தெரியும், வர்றதுக்கு?" என்று மீனம்மா கேட்டாள். "இன்னும் ரெண்டு மாசத்துல அங்க ஒரு புள்ள சோதனைக்கு முன்னாடி கண்ணு மஞ்சளாக் கெடக்கும். அதுக்குக் காரணம் நம்ம வீட்டு மண்வெட்டின்னா, எனக்குச் சோறு எறங்காது."

 "அப்ப என்னாதான் செய்யிறது?" என்றார் கணேசமூர்த்தி.

"குழாயோட வாய அடைக்கிறது," என்றார் கந்தப்பன்.

மறுநாள் பெரட்டில் பேர் கொடுக்காமல் பதினொரு பேர் மண்வெட்டியும், கல் பெயர்க்கும் அலவாங்குமாக உச்சிக்கு ஏறினார்கள். கணேசமூர்த்தியும் வந்தார். வெயில் நன்றாக அடித்தது. கொங்கிறீட் பலகைகளைப் புரட்டிப் போட்டுவிட்டு, குழாயின் வாயில் கல்லை இறுக்கி, அதன்மேல் களிமண் குழைத்து அப்பி, முதுகில் இருந்த தாழ்வு முழுவதையும் பழைய மட்டத்துக்கு நிரப்பினார்கள். தடுக்க ஓடி வந்த ஹோட்டல் காவல்காரர் குழாயைப் பார்த்துவிட்டு, சிறிது நேரத்தில் அவரும் ஒரு கல்லைத் தூக்கிக் கொடுத்தார்.

மதியம் பன்னிரண்டரைக்கு ஹோட்டலின் கீழ்த்தள அறைகளில் கழிவு எதிர்த்து ஏறியது. இரண்டு மணிக்கு விருந்தாளிகள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வான்களில் ஏறினார்கள். மூன்று மணிக்குப் பொலிஸ் வந்து கந்தப்பனை ஏற்றிப்போனது.

ஸ்டேசனில் வாக்குமூலம் எழுதியவர் தமிழ் தெரிந்த இளம் உத்தியோகத்தர். எழுதியதை வாசித்துக் காட்டினார். "ஹோட்டலின் நீர் வெளியேறும் வழியை நான் மறித்தேன்..."

"நில்லுங்க, சேர். நீர்னு எழுதாதீங்க."

"பின்ன?"

"பீன்னு எழுதுங்க. ஹோட்டலோட பீ எங்க புள்ளைங்க வாயில விழுற வழிய நான் மறிச்சேன்னு எழுதுங்க. அந்த வழிய வெட்டுனதும் நான்தான். அதையும் எழுதுங்க. ரெண்டுக்கும் கையெழுத்துப் போடுறேன்."

உத்தியோகத்தர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு 'நீர்' என்பதை வெட்டிவிட்டு, 'மலக்கழிவு' என்று எழுதினார். அது போதுமா என்று கேட்டார். கந்தப்பன் கையெழுத்துப் போட்டார். ஆறு மணிக்கு விட்டுவிட்டார்கள்.

பீ.எச்.ஐ. கொடுத்த அறிக்கையால் ஹோட்டலை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு, உண்மையான குழிகள் கட்டி, கழிவைத் தொட்டி லொறியான பவுசரில் ஏற்றிப்போகும் ஏற்பாட்டோடு திறந்தார்கள். இரண்டு பக்கமும் எதுவும் இறங்குவதில்லை. சண்முகவடிவை மறுபடி வேலைக்கு எடுக்கவில்லை. ஹோட்டல் ரிப்போட்டை எழுதிக் கொடுத்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொத்துக்குச் சேதம் விளைவித்ததாகக் கந்தப்பன் மேல் போட்ட வழக்கு மட்டும் அட்டன் நீதிமன்றத்தில் நடக்கிறது. இரண்டாம் விசாரணைத் தவணைக்கு, நடந்ததைக் கேள்விப்பட்டு, ஆத்தோர லயத்திலிருந்து ஒரு பஸ் ஆட்கள் வந்து வாசலில் நின்றார்கள். கந்தப்பனுக்கு அவர்களில் ஒருவரையும் தெரியாது.

பரீட்சை நாட்களில் சுலக்ஷனா எழுந்து நிற்கவும் பலமில்லாமல் கிடந்தாள். புவியியல் வினாத்தாளைப் பிறகு தோழி ஷிபானா கொண்டுவந்து கொடுத்தாள். சுலக்ஷனா எல்லாக் கேள்விகளையும் வாசித்தாள். எல்லாவற்றுக்கும் விடை தெரிந்திருந்தது. தாளை மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள்.