மருதாணித் தொப்பி

வைஜெயந்தியின் ஐந்து வருஷ ஆராய்ச்சி, உறுவையாற்றுச் சமுதாயக் கூடத்தில் ஒரு விரல் கிளிப்பில் வந்து நின்றது. விரல் நுனியை நுழைத்தால் சிவப்பு விளக்கு எரியும். ரத்தம் துடிப்பதை வெளிச்சத்தால் படித்து, வாதமா பித்தமா கபமா என்று லேப்டாப் சொல்லும். இதே ஊரில் ஒரே நாளில் முந்நூறு பேருக்குக் குமரவேல் வைத்தியர் நாடி பிடித்துச் சொன்னதை வைத்துத்தான் அதைப் பழக்கியிருந்தாள். இன்று தேர்வாளர் அரங்கநாதன் தலையாட்டிவிட்டால் அவள் டாக்டர் வைஜெயந்தி.

முதல் விரல் மளிகைக்கடை ஜொஹரா பீவியுடையது. "கபம்" என்றது லேப்டாப்.

"இன்னாம்மா இது? போன தபா பித்தம்னு சொன்னாரே வைத்தியர்?"

வைஜெயந்தி கிளிப்பைக் கழற்றித் துடைத்தாள். அரங்கநாதன் தன் ஆள்காட்டி விரலை நீட்டினார். வாதம். முந்தாநாள் பேத்தி ஆசையாக நகம் மூட மருதாணித் தொப்பி போட்டுவிட்ட சுண்டுவிரலை நீட்டினார். பித்தம்.

"ஏம்மா, ஒரு கையில எனக்கு எத்தனை உடம்பு?"

ஜொஹரா பீவி அந்தச் சுண்டுவிரலையும் தன் வெறும் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். "வைத்தியர் நாடி பார்த்த அன்னிக்கு எங்க பொண்ணு நாஸியாவுக்கு நிக்காஹ். தெருவே தொப்பி போட்டிருந்தோம். எனக்குக் கறுத்துப் பிடிச்சிருந்திச்சி. கறுத்தா பித்த உடம்புன்னு ஊருக்கே தெரியும். இதுக்கு ஒரு மிஷினா?"

எல்லோரும் ஓரமாக உட்கார்ந்திருந்த வைத்தியரைப் பார்த்தார்கள். வைத்தியர் மின்விசிறியைப் பார்த்தார்.

"நாடி பிடிச்சிதானே சொன்னீங்க?" என்றாள் வைஜெயந்தி.

"பிடிச்சேம்மா. அம்பது பேருக்கு மேல என் விரலே மரத்துப்போச்சி. அப்பறம் நகத்தையும் கொஞ்சம் பார்த்துக்கினேன்."

மிஷினைச் சொல்லிக் குற்றமில்லை. வாத்தியார் காப்பியடித்ததை அது ஒழுங்காகக் காப்பியடித்திருக்கிறது. வைஜெயந்திக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"சென்சார் கோளாறா இருக்குமோ?" என்று அரங்கநாதனே ஒரு வழி காட்டினார், நல்ல மனுஷர்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"இல்ல சார். இது மருதாணியைத்தான் படிச்சிருக்கு. முந்நூறு பேரையும் மறுபடி பார்க்கணும். அடுத்த வாரமே ஆரம்பிக்கிறேன்."

"அடுத்த வாரம் பெருநாளு. திரும்பத் தொப்பி போட்டுக்குவோம்" என்றார் ஜொஹரா பீவி. "இன்னிக்கே எடுத்துக்கம்மா."

வைஜெயந்தி வைத்தியரின் துண்டை வாங்கி அவர் கண்ணையே இறுக்கிக் கட்டினாள். முதல் ஆளாக அரங்கநாதன் வாய் திறக்காமல் மருதாணிக் கையை நீட்டினார். வைத்தியர் மணிக்கட்டைப் பிடித்தார், குனிந்து விரல் நுனிகளை இரண்டு தரம் மோந்தார்.

"பித்தம்."

வைஜெயந்தி பஞ்சு வாங்கிவரக் கிளம்பினாள்.