மூன்று மணிக்குக் கேட்ட வீடியோ

மத்தியானம் மூன்று மணியானால் அந்த வீடியோ ஸ்டுடியோவின் இணையதளம் படுத்துவிடும். ஒரு மாதமாக இதே கூத்து. பதினோரு ஜிபி உள்ள ஒரே ஒரு வீடியோதான் காரணம் என்று முதலாளி கண்டுபிடித்திருந்தார். வீட்டிலிருந்தபடியே ஸ்டுடியோவுக்கு புரோகிராம் எழுதிக்கொடுப்பவள் அவள். சாயங்காலத்துக்குள் அதை அழித்துவிடும்படி அவளிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அது அவளுடைய கல்யாண வீடியோ. வேறு பிரதி கிடையாது. கணவன் இறந்துபோய்ப் பத்து மாதம்.

மனம் வராமல், தான் எழுதிய புரோகிராமையே துருவினாள். தப்பு அவளுடையதுதான். யார் கேட்டாலும் முழு வீடியோவையும் சர்வரின் நினைவகத்தில் ஏற்றிய பிறகே அனுப்பும்படி அவசரத்தில் எழுதியிருந்தாள்.

"ஒரு குடம் தண்ணியை ஒரே மடக்குல குடிக்கச் சொன்னா செத்துப்போகாம என்னம்மா செய்யும்?" என்று முதலாளி போனில் சிரித்தார். பிறகு, தான் சொன்ன வார்த்தை உறைத்து, தளம் விழாவிட்டால் வீடியோ இருக்கட்டும் என்று அவசரமாக முடித்துக்கொண்டார்.

துண்டு துண்டாக அனுப்பும்படி மாற்றினாள். மூன்று மணி தாண்டியது. தளம் விழவில்லை. வீடியோவைக் கேட்டது யாரென்று சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். அவள் கணவனின் கணக்கு. முதல் துண்டிலிருந்து ஏழாவது வரை, மறுபடி முதலிலிருந்து.

அப்போது மாடியில், பத்து மாதமாகப் பூட்டிக் கிடந்த அறையிலிருந்து அவன் குரல் கேட்டது.

"அப்பா, இங்க பாருங்க. கொஞ்சம் சிரிங்க."

கால்கள் தாமாகப் படியேறின. கதவு சும்மா சாத்தியிருந்தது; தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கட்டில் ஓரத்தில் மாமனார், மகனின் பழைய போனோடு. மகன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவர். கல்மனசு என்று அவளே நினைத்திருக்கிறாள்.

"ஒரு மாசமா தினமும் கூப்பிடறேம்மா," என்றார் தலை நிமிராமல். "வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும், வரமாட்டான். அன்னைக்கு நான் சிரிக்கலையே, அந்தக் கோபமோன்னு நினைச்சேன். இன்னைக்குத்தான் வந்தான்."

தன் தப்பைச் சொல்ல வாயெடுத்தவள், மீதியையும் பார்க்கலாமே என்றாள்.

"வேணாம்மா. பார்த்தா முடிஞ்சிடும்."

விரலால் மறுபடி தொடக்கத்துக்கு இழுத்தார். அப்பா, இங்க பாருங்க. மாமனார் நிமிர்ந்தார். திரையைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, அவள் முதுகுக்குப் பின்னால் கதவருகே பார்த்து, வாய் நிறையச் சிரித்தார்.

திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. மெல்ல ஒதுங்கி வழிவிட்டு நின்றாள்.