எழுபத்திரண்டு மணி நேரம்

டைனியின் எடை நாற்பத்திரண்டு கிலோ. உள்ளங்கையில் அடங்கும் குட்டியாக இருந்தபோது 'பொடியன்' என்ற அர்த்தத்தில் வைத்த பெயர், அப்படியே நின்றுவிட்டது. கவுன்சில் அவனுக்கு வைத்த பெயர் வேறு: அச்சுறுத்தும் நாய். யாரையும் கடித்ததற்காக அல்ல. இரண்டு வருடத்துக்கு முன் பார்சல் கொண்டுவந்த ஆளை வேலிக் கதவு வரை குரைத்துக்கொண்டே துரத்தினான். அந்த ஆள் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். பத்து நாளில் கடிதம் வந்தது.

அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். வெளியே போனால் வாய்க்கூடும் கயிறும் வேண்டும். ஒரு மாதத்துக்குள் கருத்தடை செய்து மருத்துவரின் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். தோலுக்கடியில் சிப் இருக்க வேண்டும். மூன்று நாளைக்கு, அதாவது எழுபத்திரண்டு மணி நேரம் வரைக்கும் இன்னொருவரிடம் விட்டுப் போனால், வாய்க்கூடு விஷயத்தை அவரிடம் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றையும் செய்தேன். முதியோர் இல்லத்தில் காலை ஏழு மணியிலிருந்து பன்னிரண்டு பேரைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவள் நான். அதற்கு முன் ஐந்து மணிக்கு, ஊரில் ஒருவரும் எழுந்திருக்காத நேரமாகப் பார்த்து இவனைக் கூட்டிக்கொண்டு நடப்பேன். மழை பெய்தாலும் சரி, இடுப்பு வலித்தாலும் சரி. போன குளிர்காலத்தில் ஒரே ஒரு நாள் வாய்க்கூட்டின் வார் அறுந்துபோனது. அன்றைக்கென்று பார்த்து ஒருத்தி ஓட்டப் பயிற்சிக்கு வந்தாள், புகார் கொடுத்தாள், அபராதம் கட்டினேன். நல்லவளாக இருந்து எனக்கு அலுத்துவிட்டது.

போன திங்கட்கிழமை அத்தை இறந்துபோனார். நாங்கள் மாவோரிகள், உடலைத் தனியே விடமாட்டோம். மூன்று நாள் மராயேயில், எங்கள் குலத்தின் பொதுக்கூடத்தில், கூடவே கிடந்து, அழுது, கதை பேசிச் சிரித்து, பிறகுதான் அடக்கம். மராயே இரண்டு மணி நேரப் பயணம். டைனியைப் பக்கத்து வீட்டு நெவிலிடம் விட்டேன். எழுபத்தாறு வயது, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காது சுத்தமாகக் கேட்காது.

"மூணு நாள்தான் நெவில். வெளிய கூட்டிட்டுப் போனா வாய்க்கூடு கண்டிப்பா போடணும். கேக்குதா?"

"எனக்கென்ன, இந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும்."

மூன்று நாள் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. வரவேண்டியவர்கள் வந்து சேரும்வரை எங்கள் மூன்று நாள் முடியாது என்பது எனக்குத் தெரியாதா? பெர்த்திலிருந்து வரவேண்டிய அத்தை மகன் விமானத்தைத் தவறவிட்டான். வியாழக்கிழமை அடக்கம் வெள்ளிக்கிழமைக்குப் போனது. சமையல்கூடத்தில் உருளைக்கிழங்கு உரித்தபடி அவனை வாயாரத் திட்டினேன்.

வெள்ளி மதியம் மூன்று மணிக்கு வீடு திரும்பினால், நாய்க்கூண்டு காலி. பின்வாசல் படியில் நெவில் உட்கார்ந்திருந்தார்.

"பிடிச்சிட்டுப் போயிட்டாங்கம்மா," என்றார்.

வியாழக்கிழமை ஆற்று முகத்துவாரத்தில் பொடிமீன் பிடிக்கப் போயிருக்கிறார். டைனியும் கூட. பதினொன்றேகாலுக்கு சாண்ட்விச்சைப் பிரித்தவர், அவனுக்கும் பாதி கொடுப்பதற்காக வாய்க்கூட்டைக் கழற்றியிருக்கிறார். யாரோ படம் எடுத்து கவுன்சிலுக்கு அனுப்பிவிட்டார்கள். நேரம் உட்பட எல்லாம் அதில் இருக்கிறது.

"கயித்தைக் கையிலதான் வெச்சிருந்தேன். அவன் என்னையே பார்த்துட்டு இருந்தான். எப்படிம்மா நான் மட்டும் திங்கறது?"

"அவன் எல்லாரையும் அப்படித்தான் பார்ப்பான். அதுக்குத்தானே அந்தப் பேரை வெச்சிருக்காங்க. ரெண்டு வருஷமா நான் செத்துப் பிழைச்சுக் காப்பாத்தினதை ஒரு சாண்ட்விச்சுல தொலைச்சிட்டீங்களே."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் சொன்னது கேட்டுவிட்டது என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

நான்கு மணிக்கு கிளெனிஸ் வந்தாள். கவுன்சிலில் நாய்களுக்கான அதிகாரி, பள்ளியில் என் பக்கத்து இருக்கை. சமையலறை மேசையில் படிவத்தை விரித்தாள். நெவில் கதவருகில் நின்றுகொண்டார்.

"உன் பேர்ல இது ரெண்டாவது தப்பு, ரிபேகா. சட்டத்துக்குக் கட்டுப்படற எண்ணமே உனக்கு இல்லைன்னு எங்க மேனேஜர் முடிவு பண்ணிடுவார். அப்புறம் அவன் எங்க நாய்ப் பட்டியை விட்டு உயிரோட வரமாட்டான்."

கிளெனிஸ் பேனா மூடியைத் திறந்தாள்.

"ஆனா ஒண்ணு இருக்கு. எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல நாயை வெச்சிருந்தா அவரும் ஓனர்னுதான் நாங்க எடுத்துக்கறோம். நேத்து பதினொன்னேகாலுக்கு அந்தக் கணக்கு தாண்டியிருந்தா தப்பு நெவில் பேர்ல போகும். அவருக்கு இது முதல் தடவை. அபராதம் கட்டினாப் போதும், நாய் வீட்டுக்கு வந்துரும். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு விட்டுட்டுப் போனே?"

"பத்து மணி," என்றார் நெவில், தேவைக்கு மேல் சத்தமாக. "பத்து அடிச்சுது, பார்த்தேன்."

பத்து இல்லை, பன்னிரண்டு; எழுபத்திரண்டுக்கு முக்கால் மணி நேரம் குறைகிறது. இல்லத்தில் மாற்று ஆள் வரும்வரை என்னை விடவில்லை. நான் நெவிலின் கையில் கயிற்றைக் கொடுத்தபோது தீயணைப்பு நிலையத்தில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. அதற்கு அரை மணி முன்பு நான் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தேன். பின்சீட்டு ஜன்னலில் டைனியின் தலை. எதிர்ப்பக்கம் கவுன்சில் வண்டிக்குப் போட்டுக்கொண்டிருந்த கிளெனிஸ் எனக்குக் கை காட்டினாள், அவனுக்கும் சேர்த்து.

இப்போது அவள் படிவத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. "அவர் சொல்றது போதாது. உன் வாயால சொல்லு. பத்தா, பன்னெண்டா?"

உண்மையைச் சொல்கிறேன். பன்னிரண்டு என்று சொல்லிவிடத்தான் எனக்குத் தோன்றியது. நேர்மைக்காக அல்ல, சொன்னால் முடிந்துவிடும் என்பதற்காக. திங்கட்கிழமையிலிருந்து ஆறு மணி வரை தூங்கலாம். தெருமுனையில் யார் வருகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து நடக்க வேண்டாம். அத்தை மண்ணுக்குள் போன அதே நாளில் இவனும் போய்விட்டால், அழுகையை ஒரே தடவையில் அழுதுவிடலாம். இத்தனையும் நினைத்தேன்.

"பத்து," என்றேன்.

கிளெனிஸ் எழுதினாள். பேனாவை மூடினாள்.

"பெட்ரோல் போடற இடத்துல நீ..." என்று ஆரம்பித்தேன்.

"நான் யாரையும் பார்க்கலை. பார்த்ததை எல்லாம் எழுதணும்னா என் கை ஒடிஞ்சிரும்." எழுந்து கோட்டை மாட்டினாள். "இனிமே பதிவேட்டுல ரெண்டு பேர் பேரும் இருக்கும். அவர் தப்பு பண்ணினா உன்னையும் கேப்பேன், நீ பண்ணினா அவரையும் கேப்பேன். அஞ்சு மணிக்குள்ள வந்து கூட்டிட்டுப் போங்க."

"என்ன சொல்றா?" என்றார் நெவில்.

"நாய்க்கு நீங்களும் சொந்தக்காரர்னு சொல்றா."

"இதைச் சொல்றதுக்கா இவ்வளவு நேரம்?"

பட்டியில் சிமெண்டுத் தரையும் குரைப்புமாக இருந்தது. டைனி மட்டும் குரைக்கவில்லை. கதவைத் திறந்ததும் மேலே பாய்வான் என்று நினைத்தேன். அவன் நடந்து வந்தான். நான் வாய்க்கூட்டை நீட்டியதும் தானாகவே மூக்கை உள்ளே நுழைத்து, வாரை மாட்ட வசதியாகக் கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு அசையாமல் நின்றான். இரண்டு வருடமாக ஒவ்வொரு விடியலிலும் செய்தது போலவே.

வாரைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன்.

"உன்னை விட்டுடலாம்னு நெனச்சேன்டா," என்றேன் அவனிடம்.

"என்ன?" என்றார் நெவில்.

திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தேன். நான்கு நாளாக அத்தைக்கு அழுததெல்லாம் கணக்கில் வராதது போல அழுகை வந்தது. நெவில் சுவரைப் பிடித்து மெல்ல மண்டியிட்டு, என் கையிலிருந்து வாரை வாங்கிக்கொண்டார்.

"எந்த ஓட்டை?"

"மூணாவது."

"எத்தனை விரல் இடம் விடணும், ஒண்ணா ரெண்டா?"

"ரெண்டு," என்றேன், அவருக்குக் கேட்கும்படியாக.