ஏரம்பமூர்த்தி அழித்த கோப்புகள்

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் இருந்த பேட்டரி ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் ஏரம்பமூர்த்தி ஒருவர்தான். 1994 மார்ச் மாதம், புள்ளிவிவரக் கணக்குப் போடும் புதிய மென்பொருள் ஒன்று ஒன்பது டிஸ்கெட்டுகளில் வந்து சேர்ந்தது. ஏற்றுவதற்கு ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை.

"பழசைத் தூக்கிட்டு இதைப் போடுங்க. இன்னைக்கே ஓடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார் மேனேஜர்.

பழைய மென்பொருளை டைரக்டரியோடு அழிக்கும் கட்டளையைத் தட்டினார் ஏரம்பமூர்த்தி. உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், சம்மதமா என்று திரை கேட்டது. என்னென்ன இருக்கிறது என்று எப்போதும் ஒரு பட்டியல் எடுத்துப் பார்க்கிறவர், அன்று பார்க்கவில்லை. சம்மதம் என்று ஒரு விசையைத் தட்டினார். பிறகு ஒன்பது டிஸ்கெட்டுகளையும் ஒவ்வொன்றாகச் செருகி எடுத்தார். நாலரை மணிக்குப் புதியது ஓடியது.

மறுநாள் காலை ஆலை கிளினிக்கின் தாதி ஹமீதா வந்தாள்.

"அண்ணே, ரத்தப் பரிசோதனை ஃபைல் ஒண்ணையும் காணோமே?"

"எங்க வெச்சிருந்தீங்க?"

"அந்தப் பழைய சாஃப்ட்வேருக்குள்ளதான். அது தானா அங்கதானே சேவ் பண்ணும்."

ஈயம் உருக்குகிறவர்களின் இரத்தத்தில் எவ்வளவு ஈயம் ஏறியிருக்கிறது என்ற நான்கு வருடக் கணக்கு அது. ஏரம்பமூர்த்தி புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதை மறுபடி ஏற்றிப் பார்த்தார். மென்பொருள் வந்தது; கோப்புகள் வரவில்லை. அவை இருந்த இடத்தின் மேலேயே புதியது எழுதப்பட்டுவிட்டிருந்தது.

"சீட்டாவது இருக்கா?"

"கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுன்னு எரிச்சிட்டாங்கண்ணே. லேப்புல கேட்டேன், கடைசி ரெண்டு சீட்டுதான் இருக்காம். அடுத்த வாரம் அஜீஸ் அண்ணன் கேஸ் வருது."

அப்துல் அஜீஸ் பதினாறு வருடம் உலையில் நின்றவர். இப்போது ஈயத்தால் கை துவண்டு, சட்டைப் பொத்தானைக்கூட மனைவிதான் போட்டுவிடுகிறாள். ஆலையிடம் இழப்பீடு கேட்டுத் தொழிலாளர் இலாகாவில் மனுச் செய்திருந்தார்.

மேனேஜர் அலட்டிக்கொள்ளவில்லை. "டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு எழுதிக் குடுங்க. பழைய மிஷின் லா, யாரு கேக்கப் போறா?"

தட்டச்சு செய்த கடிதத்தையும் அவரே கொடுத்தார். கையெழுத்துப் போடாமல் இரண்டு நாள் அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார் ஏரம்பமூர்த்தி. விசாரணையன்று விடுப்பு எடுத்துக்கொண்டு, ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுனில் இருந்த தொழிலாளர் இலாகாவுக்குப் போனார்.

"டிஸ்க் கெடலைங்க. நான்தான் அழிச்சேன். பாக்காம அழிச்சிட்டேன்" என்றார் அதிகாரியிடம்.

"உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியுமா?"

"எண்ணெல்லாம் ஞாபகமில்ல. ஆனா மூணு மாசத்துக்கு ஒருக்கா மேனேஜருக்கு கிராஃப் அச்சடிச்சுக் குடுத்தது நான்தான். அந்தத் தாளெல்லாம் இப்ப இல்லைங்கறாங்க. இதுக்கு மேல போனா ஆபத்துன்னு ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அஜீஸ் அண்ணனோடது ஒரு தடவைகூட அதுக்குக் கீழ வந்ததில்ல."

அதிகாரி எழுதிக்கொண்டார். ஹமீதாவும் அதையே சொன்னாள்.

தீர்ப்பு வர ஆறு மாதம் ஆனது. கையில் இருந்த இரண்டு சீட்டுகளுக்கு உரிய காலத்தை மட்டுமே ஏற்றார்கள். மற்றதற்கு வாய்ச்சொல் போதாது என்றுவிட்டார்கள். ஏரம்பமூர்த்தியை அதற்குள் ஆலையின் கேட்டுக்கு, லாரி எண் குறிக்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள்.

தீர்ப்பைக் கேட்டு ஏரம்பமூர்த்தியோடு வெளியே வந்த அஜீஸ் படிக்கட்டில் நின்றார்.

"நீங்க வந்து சொன்னது பெரிசு தம்பி. ஆனா அந்த நாலு வருஷம் போனது போனதுதானே?"

"ஆமாண்ணே" என்றார் ஏரம்பமூர்த்தி. அஜீஸின் முழங்கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கிவிட்டார்.