ஏலூர்ப் புகை

எழுபத்தொன்பதாம் வருஷம், ஆடி மாத மழை. மட்டாஞ்சேரி அரிசிக் கிடங்குத் தெருவில் எங்கள் லாரி முன் கண்ணாடி இல்லாமல், தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு இரண்டு நாளாக நின்றது. வண்டி எங்களுடையது, ஓட்டுவதும் எங்கள் வீட்டுக்காரர்தான். அவர் ஓட்டினால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும், அவ்வளவுதான்.

ஒரு வருஷமாகவே அவருக்கு அந்தக் கண்ணாடியின் மேல் ஒரே குறை. மங்கிப்போய்விட்டது என்பார். நடுவில் கொஞ்ச காலம் ஏலூருக்கு உர மூட்டை ஏற்றப் போய்வந்தார். அங்கே உரக் கம்பெனி விடுகிற புகை படிந்து கண்ணாடியைத் தின்றுவிட்டது என்று அவரே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தார். தெருவில் எல்லாரும் தலையாட்டினார்கள், நானும்தான். புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன். தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம்.

அப்புறம் ஒரு நாள் பஜார் ரோட்டில், நின்றுகொண்டிருந்த கைவண்டியில் நீட்டியிருந்த மூங்கில் கழியில் கொண்டுபோய் இடித்துவிட்டார். நல்ல பகல். கழியின் நுனியில் சிவப்புத் துணிகூடக் கட்டியிருந்ததாம். அதையெல்லாம் அப்போது நான் யோசிக்கவில்லை. அவர் மேல் ஒரு கீறல் இல்லையே என்று சாமியைக் கும்பிட்டுவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய் சீட்டில் கொட்டிக் கிடந்த சில்லுகளைப் பெருக்கினேன். அவருக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. விட்டது சனி என்றார்.

மூன்றாம் நாள் காலையில் கிடங்குக் குமாஸ்தா வெங்கிட்டு குடையோடு வந்து நின்றார். கோட்டயத்துக்கு வாரம் மூன்று தடவை போகிற அரிசி லோடு எங்களுடையது. மறுநாள் காலை ஆறு மணிக்கு வண்டி கிடங்கு வாசலில் நிற்காவிட்டால், இனி அந்த லோடு வேறு லாரிக்குத்தான் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். சொல்லிவிட்டு, சாயாகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

உடனே இவர் கலூருக்கு ஓடி, வைக்கோலும் சாக்கும் சுற்றிப் புதுக் கண்ணாடியைக் கொண்டுவந்து சேர்த்தார். கண்ணாடி மாட்டுகிற ஹம்சாவும் வந்தார். ஆனால் அவருடைய ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான். உள்ளேயிருந்து கயிறு இழுக்க ஒருத்தர் வேண்டும்.

"சேச்சி கேறி இருந்தா மதி. தினமும் கெணத்துல வெள்ளம் கோருற கையல்லே" என்றார் ஹம்சா. தண்ணீர் இறைக்கிற கைதானே, நான் ஏறி உட்கார்ந்தாலே போதுமாம்.

ரப்பர் பட்டையைக் கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி மாட்டி, அதன் பள்ளத்தில் மெல்லிய கயிற்றைச் சுற்றிலும் பதித்து, நுனி இரண்டையும் வண்டிக்குள் விட்டார். சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியைச் சட்டத்தில் வைத்து, அவர்கள் இருவரும் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்தினார்கள். நான் சீட்டில் மண்டிபோட்டுக் கயிற்றை உருவினேன். கயிறு வரவர ரப்பரின் உதடு தகரத்தின் மேல் ஏறி உட்காரும். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. பாதியில் முட்டி செத்துவிட்டது, விரலிடுக்கெல்லாம் எரிந்தது. இந்த வயிற்றுப்பாட்டுக்கு இன்னும் என்னவெல்லாம் இழுக்க வேண்டுமோ என்று நினைத்துக்கொண்டே இழுத்தேன்.

ஒருவழியாகக் கண்ணாடி உட்கார்ந்தது. மேல் மூலையில் ரப்பர் மடங்கியிருக்கிறதா என்று இவரைப் பார்க்கச் சொன்னார் ஹம்சா. மடங்கித்தான் இருந்தது. உள்ளேயிருந்து எனக்கே தெரிந்தது. இவருடைய முகம் அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தும், விரலால் தடவித் தடவித்தான் அதைக் கண்டுபிடித்தார்.

பிறகு வந்து சீட்டில் உட்கார்ந்தார். நான் நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சோப்பு இன்னும் போகலையேட்டி."

துடைத்தேன். பழைய பேப்பரைக் கசக்கி மறுபடியும் துடைத்தேன். வெளியே ஹம்சாவும் துடைத்தார். எதிர்க் கிடங்கின் ஓட்டு மேல் நனைந்த புறாக்கள் உட்கார்ந்திருந்தன, ஒன்றின் கழுத்து மினுங்குவதுகூடத் தெரிந்தது.

"புகை அப்படியேதான் இருக்கு" என்றார்.

கலூரிலிருந்து அன்றைக்குத்தான் வந்த கண்ணாடி. ஹம்சாவின் கை துடைத்த இடத்திலேயே நின்றுவிட்டது. இவர் என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு நல்லாத் தெரியுதா?"

தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியுதுங்க."

"என்ன தெரியுது?"

"ஓட்டு மேல புறா. நாலு."

அவர் எண்ணிப் பார்க்கவில்லை. ஈரத் துணியை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தக் கழியில செவப்புத் துணி கட்டியிருந்தேன்னு கைவண்டிக்காரன் சத்தியம் பண்ணினான். பொய் சொல்லுதான்னு வஞ்சேன், பாவம்."

ஹம்சா வெளியிலிருந்தே மெதுவாகச் சொன்னார்: "ரப்பர் ஒட்டான் ரெண்டு திவசம் வண்டி அனங்காம நிக்கணும் அண்ணாச்சி. ஞான் வெங்கிட்டுகிட்ட பறஞ்சோளாம்."

ரப்பர் ஒட்ட இரண்டு நாள் வண்டி அசையாமல் நிற்க வேண்டும் என்று ஒரு வழக்கமே கிடையாது. அவர் மாட்டிய கண்ணாடியோடு அரை மணியில் புறப்பட்டுப்போன லாரிகளை நானே பார்த்திருக்கிறேன்.

"பொய் எதுக்கு ஹம்சா. வேற வண்டி பாத்துக்கிடச் சொல்லிரு" என்றார் இவர்.

மறுநாள் ஆறு மணிக்குப் பழக்கதோஷத்தில் எழுந்து போய் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். கிடங்கு வாசலில் வேறொரு லாரி உறுமிக்கொண்டு நின்றது. நான் பாலில்லாத கட்டன் சாயாவை எடுத்துக்கொண்டுபோய் அவர் கையில் டம்ளரைப் பிடித்து வைத்தேன். இரண்டு வாய் குடித்தார்.

"எறணாகுளத்துக்குப் படகு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். "கண்ணாஸ்பத்திரி திறக்கதுக்குள்ள போயிரணும்."